கொறங்காட்டு மண்

நுழையும்முன்

நெல் விளையும் வயலின் மண்ணைப் பற்றிப் பாடநூல்களும் பழமொழிகளும் நிறையப் பேசுகின்றன. புல் மட்டுமே விளையும் நிலத்தின் மண்ணைப் பற்றிய பேச்சு குறைவு. ‘ஒன்றுக்கும் உதவாத மேடு’ என ஒதுக்கப்படும் அந்நிலம், தலைமுறை தலைமுறையாக மாட்டையும் ஆட்டையும் அவற்றை நம்பிய குடும்பங்களையும் காத்து வந்திருக்கிறது. கொங்கு மேட்டுநிலத்தின் கொறங்காட்டு மண்ணின் இயல்புகளையும் அவ்வியல்பறிந்து வாழ்ந்தோரின் நில அறிவையும் விளக்குவது இப்பாடம்.

மழை மறைந்த மேட்டுநிலம்

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டர் முதல் 450 மீட்டர் வரை உயர்ந்து பரந்திருப்பது கோயம்புத்தூர் பீடபூமி. நொய்யலும் அமராவதியும் இம்மேட்டு நிலத்தின் ஊடே ஓடிக் காவிரியில் கலக்கின்றன. ஆற்றோரங்களில் நெல்லும் கரும்பும் தென்னையும் செழிக்கின்றன. ஆற்றை விட்டு அகன்று காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மேடுகளுக்குச் சென்றால் காட்சி மாறும். முள்வேலி சூழ்ந்த புல்வெளிகள், இடையிடையே குடை விரித்தாற்போல் நிற்கும் வெள்வேல மரங்கள், அவற்றின் நிழலில் அசைபோடும் மாடுகள் ஆகியனவே அங்குக் கண்ணில் படும். இத்தகைய மேய்ச்சல் நிலத்தைக் கொங்கு மக்கள் கொறங்காடு என்பர். ஊர்ப்பொதுவான மேய்ச்சல் புறம்போக்கு வேறு, கொறங்காடு வேறு. கொறங்காடு உழவர் குடும்பங்கள் தமக்கெனப் பேணி வரும் பட்டா நிலமாகும்.

இந்நிலம் புல்வெளியாக அமைந்ததற்கு முதற்காரணம் மழையின் அளவு. தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழை, மலையின் மேற்குச் சரிவிலேயே பெரிதும் பொழிந்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கு நோக்கி வருவது பெரும்பாலும் வறண்ட காற்றே. ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்னும் பழமொழியின் பொருளை இம்மேட்டில் நின்றால் நன்குணரலாம். வடகிழக்குப் பருவமழையும் கோடையில் பெய்யும் சில இடிமழைகளுமே இந்நிலத்தின் பேறு. ஆண்டு முழுவதற்குமான மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதுவும் ஆண்டுதோறும் ஒரே அளவில் பெய்வதில்லை.

ஓரிடம் வறண்டதா, செழிப்பானதா என்பதை மழையளவைக் கொண்டு மட்டும் முடிவுசெய்தல் இயலாது. வெயிலும் காற்றும் அந்நிலத்திலிருந்து எவ்வளவு நீரை ஆவியாக்க வல்லன என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பெய்யும் மழை, ஆவியாகக்கூடிய நீரின் அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்டிருப்பின், அந்நிலத்தைப் பகுதி வறள்நிலம் என அறிவியலார் வகைப்படுத்துவர். கொங்கு மேடு இவ்வகையைச் சார்ந்தது. இங்கு வானம் ஒரு பங்கு கொடுத்தால் வெயில் இரு பங்குக்கு மேல் கேட்கிறது. இப்பற்றாக்குறையே இம்மண்ணின் இயல்புகள் பலவற்றைத் தீர்மானிக்கிறது.

பாறை மண்ணான வரலாறு

மண்ணுக்குத் தாய் பாறை. கொங்கு மேட்டின் அடித்தளம் மிகப் பழமையான நைஸ் என்னும் வரிப்பாறையால் ஆனது. பகல் வெப்பத்தில் விரிந்து, இரவுக் குளிரில் சுருங்கி, விரிசல்களில் புகுந்த மழைநீரால் மெல்ல மெல்லச் சிதைந்து அப்பாறை மண்ணாகிறது. பாறையில் அடங்கிய கனிமங்கள் யாவும் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. ஃபெல்ட்ஸ்பார் போன்றவை நீருடன் வினைபுரிந்து களித்துகள்களாக மாறுகின்றன. குவார்ட்சு எளிதில் சிதையாமல் மணலாகவும் கல்லாகவும் எஞ்சுகிறது. கொறங்காட்டில் நடப்போரின் காலில் இடறும் வெள்ளை வெங்கச்சாங்கற்களும், வெயிலில் மின்னும் காக்காய்ப்பொன் துகள்களும் தாய்ப்பாறையின் எச்சங்களே.

இம்மண்ணின் செந்நிறத்திற்குக் காரணம் இரும்பு. பாறைக் கனிமங்களில் அடங்கியிருந்த இரும்பு, நீரும் காற்றும் பட்டு ஆக்சைடாக மாறி, மண்துகள்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. ஆணி துருப்பிடிப்பதை ஒத்த வினை இது. நீர் தேங்காமல் வடிந்து, காற்று நன்கு புகும் மேட்டில் அத்துரு செந்நிறம் கொள்ளும். ஆகவே செம்மை என்பது அழகு மட்டுமன்று. இம்மண்ணில் நீர் தேங்குவதில்லை என்பதற்கு அது சான்றாகவும் அமைகிறது. அதே பீடபூமியின் பள்ளங்களில் மேட்டிலிருந்து அடித்து வரப்பட்ட நுண்களியும் கரைந்த உப்புகளும் சேர்ந்து கரிசல் மண் உருவாகியிருக்கும் இடங்களும் உண்டு. மேட்டில் செவ்வலும் பள்ளத்தில் கரிசலுமாக அமைவதை அறிந்த உழவர், பள்ளத்தில் பயிரிட்டனர். மேட்டைப் புல்லுக்கு விட்டனர். இப்பகிர்வு தற்செயலாக நேர்ந்ததன்று. அது மண்ணைக் கண்டறிந்தோரின் முடிவு.

தெரியுமா?

பாறையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழமுள்ள மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஓர் ஏக்கர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்திற்கு உள்ள மண்ணின் எடை ஏறத்தாழ 60 டன்.

அடுக்கும் நயமும்

கொறங்காட்டில் ஒரு முழ ஆழத்திற்குக் குழி தோண்டிப் பார்த்தால் இம்மண்ணின் கட்டமைப்பு விளங்கும். மேலே, விரற்கடை அளவே தடித்த, சற்றுக் கருமை கலந்த அடுக்கு. புல்வேரும் மட்கும் சாணத் துகளும் கலந்த இவ்வடுக்கே இந்நிலத்தின் உயிர்நிலை. அதன்கீழ் செந்நிற மணற்பாங்கான அடுக்கு. அதற்கும் கீழே களி சற்று மிகுந்து, சரளைக் கற்கள் நெருங்கிய அடுக்கு. பின்னர் கைக்கோலால் குத்தினால் உதிரும் சிதைந்த பாறை. சில இடங்களில் இவ்வளவையும் காண ஒரு முழம் தேவைப்படும். சில இடங்களில் ஒரு சாணிலேயே பாறை எதிர்ப்படும்.

மண்ணில் மணல், வண்டல், களி ஆகிய துகள்கள் எவ்விகிதத்தில் கலந்துள்ளன என்பதை மண்ணின் நயம் என்பர். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது சரளை, அதனினும் சிறியது மணல், மணலினும் நுண்ணியது வண்டல், 0.002 மில்லிமீட்டருக்கும் குறைந்தது களி. கொறங்காட்டு மண்ணில் மணலின் பங்கே மிகுதி. ஈரமண்ணைக் கையில் உருட்டித் திரியாக்க முயன்றால் அது விரைவில் உடைந்துவிடும். கரிசலோ நூல்போல் நீளும். ஆய்வுக்கூடம் இல்லாத காலத்திலும் உழவர் தம் விரல்களாலேயே மண்ணின் நயத்தை அறிந்தனர்.

மணற்பாங்கான மண்ணுக்கு ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. துகள்களுக்கு இடையே பெரிய துளைகள் இருப்பதால் மழைநீர் விரைந்து உட்புகும்; வேர் எளிதில் ஊடுருவும்; காற்றோட்டம் சிறக்கும். ஆயின் உட்புகுந்த நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைவு. 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள மணற்பாங்கான மண், வேர்கள் உறிஞ்சத்தக்க நீராக ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் அளவையே தன்னிடம் வைத்திருக்கும். கடுங்கோடையில் வெயில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் நீரைக் கேட்கும். அக்கேட்பு முழுமையாக நிறைவேற்றப்படுமாயின் மண்ணின் சேமிப்பு ஐந்தே நாள்களில் தீர்ந்துபோகும். சரளை மிகுந்த இடங்களில் இக்கணக்கு இன்னும் சுருங்கும். ஐந்து நாள் சேமிப்பை வைத்துக்கொண்டு ஐம்பது நாள் வறட்சியைக் கடக்க வல்ல செடி எதுவோ, அதுவே இங்கு நிலைக்கும்.

மண்ணின் வறுமை

தமிழ்நாட்டின் மண் ஆய்வுக்கூடங்கள், மண்ணில் கரிமத்தின் அளவு 0.5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அதனைக் குறைவு என மதிப்பிடுகின்றன. வறண்ட செம்மண் மேடுகளில் பொதுவாகக் காணப்படும் நிலை இதுவே. புல்லும் இலையும் மட்கிக் கரிமமாக மண்ணில் தங்குவதற்குள், வெப்பமண்டலச் சூட்டில் நுண்ணுயிரிகள் அதனை விரைந்து சிதைத்துவிடுகின்றன. கரிமம் குறையும்போது தழைச்சத்தும் குறைகிறது. மணிச்சத்து மண்ணில் இருந்தாலும் அதன் பெரும்பகுதி இரும்புடனோ சுண்ணாம்புடனோ பிணைந்து, வேர்களுக்கு எட்டாமல் போகிறது. ஃபெல்ட்ஸ்பாரும் காக்காய்ப்பொன்னும் சிதைவதால் சாம்பல்சத்து மட்டும் ஓரளவு கிடைக்கிறது.

இம்மண்ணின் மற்றோர் இயல்பு சுண்ணாம்பு. மழை மிகுந்த நாட்டில் பாறையிலிருந்து விடுபடும் சுண்ணாம்பு நீரில் கரைந்து, ஆழத்திற்குச் சென்று மறைந்துவிடும். மழை குறைந்த நாட்டில் அவ்வாறு நிகழ்வதில்லை. நீர் சிறிது தொலைவு இறங்கி, வெயிலால் மீண்டும் ஆவியாகும்போது சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல அது வெண்ணிறக் கட்டிகளாகத் திரள்கிறது. சுக்கான்கல் என்பது அதுவே. கிணறு வெட்டுவோர் அக்கல்லைக் கண்டு, நீர் எவ்வளவு ஆழத்திற்கு இறங்கிப் பழகியது என்பதை உணரலாம். இச்சுண்ணாம்பின் காரணமாகக் கொறங்காட்டு மண் பல இடங்களில் சற்றே காரத்தன்மை உடையதாக விளங்குகிறது.

ஆழமின்மை, நீர்ப்பிடிப்பின்மை, கரிமக் குறைவு, தழைச்சத்துக் குறைவு ஆகிய அனைத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தால், இந்நிலம் எதற்கும் பயன்படாது என்னும் முடிவுக்கு வருதல் எளிது. ஆனால் அம்முடிவு பயிரை அளவுகோலாகக் கொண்டு எடுக்கப்படுவது. நெல்லுக்கும் வாழைக்கும் பொருந்தாத மண், புல்லுக்குப் பொருந்தாதது என்று கொள்ளுதல் பிழை.

புல் அணிந்த நிலம்

கொறங்காட்டின் முதன்மைப் புல் கொழுக்கட்டைப்புல். இது பல்லாண்டு வாழும் கொத்துப்புல். மழை பெய்த சில நாள்களில் தளிர்த்து, விரைந்து கதிர்விட்டு, விதை உதிர்க்கும். ஈரம் தீர்ந்ததும் மேற்பகுதி காய்ந்து வைக்கோல் நிறம் கொள்ளும். அப்போது புல் இறந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் நிலமட்டத்தில் உள்ள அதன் அடித்தூர் உயிருடன் உறங்குகிறது. அடுத்த மழையில் அங்கிருந்தே புதுத்தளிர் எழும். வேர்கள் சல்லிகளாகப் பரவி மேலடுக்கைப் பின்னிப் பிடிப்பதோடு, பாறை இடுக்குகளிலும் இறங்கி ஈரம் தேடுகின்றன. ஆண்டுதோறும் அவ்வேர்களின் ஒரு பகுதி மடிந்து மண்ணுக்குள்ளேயே மட்குகிறது. மேலே விழும் சருகை வெயிலும் காற்றும் கவர்ந்துவிடும். உள்ளே மடியும் வேரே இம்மண்ணுக்குக் கிடைக்கும் நிலையான கரிமம்.

கொழுக்கட்டைப்புல்லோடு ஒட்டன்புல் முதலியனவும், நரிப்பயறு, செப்புநெருஞ்சி போன்ற பயறுவகைச் செடிகளும் கலந்து வளர்கின்றன. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள், காற்றிலுள்ள நைட்ரசனைத் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. மண்ணிடம் இல்லாததைக் காற்றிடமிருந்து பெற்றுத் தரும் உறவு இது. மாட்டுக்கும் புல்லோடு புரதம் மிகுந்த தீவனம் கிடைக்கிறது.

புல்லின் தலையாய பணி மண்ணைப் போர்த்துவதாகும். பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் நிலத்தை வந்து தாக்கும். புல் இல்லாத செம்மண்ணில் அத்துளி விழும்போது மண்கட்டி உடைந்து, நுண்துகள்கள் தெறித்துத் துளைகளை அடைத்துவிடும். வெயில் பட்டதும் மேற்பரப்பு ஓடுபோல் இறுகும். அதன்பின் பெய்யும் மழை உட்புகாமல், செந்நிற வெள்ளமாக ஓடைக்குச் செல்லும். மணற்பாங்கான மண் நீரை விரைந்து உட்கொள்ளும் என்று முன்னர்க் கூறப்பட்டது. போர்வை போனால் அந்நற்பண்பும் போய்விடும். புல் மூடிய நிலத்திலோ துளியின் வேகம் தாளில் பட்டுத் தணிகிறது; நீர் தண்டு வழியே மெல்ல இறங்குகிறது; வேர் சென்ற வழியே மண்ணுக்குள் புகுகிறது.

ஓர் ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஏறத்தாழ 40,000 லிட்டர் நீராகும். அடுத்தடுத்துள்ள இரு நிலங்களில், ஒன்று புல் போர்த்தது, மற்றொன்று வெறுமையானது எனக் கொள்வோம். வானம் இரண்டுக்கும் ஒரே அளவுதான் கொடுக்கிறது. ஒன்று அதனை வைத்துக்கொள்கிறது, மற்றொன்று இழக்கிறது. நீரை மட்டும் இழப்பதில்லை. நூற்றாண்டுகள் முயன்று சேர்த்த மேலடுக்கையும் உடன் அனுப்பிவிடுகிறது. வறட்சி வானத்திலிருந்து மட்டும் வருவதன்று. நிலத்தின் மேற்பரப்பிலும் பிறக்கும்.

வேலியும் மரமும் மந்தையும்

புல் தானாக நிலைத்துவிடாது. அளவின்றி மேய்ந்தால் அடித்தூரும் அழியும். இதனை நன்குணர்ந்த கொங்கு உழவர், மூன்று துணைகளைக் கொண்டு கொறங்காட்டைக் காத்தனர்.

முதல் துணை கிளுவை வேலி. முள்ளுக்கிளுவையின் போத்துகளை வெட்டி நட்டால் அவை வேர்பிடித்து உயிர்வேலியாகும். வறட்சியில் இலையுதிர்த்து நிற்கும், மழையில் தளிர்க்கும். வேலி இருந்தாலன்றி, எந்நிலத்தில் எப்போது மேய்ப்பது, எந்நிலத்தை எப்போது ஓய்வாக விடுவது என முடிவுசெய்ய இயலாது. நிலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றொன்றை வளரவிடுவது கொறங்காட்டு முறை. காவலுக்கு ஆள் வேண்டாத நிலையையும் வேலி தந்தது. காற்றின் வேகத்தைத் தணித்து, மண் பறப்பதையும் வேலி தடுக்கிறது. வேலி அடியில் சேரும் சருகும் மண்ணும், ஓடும் நீரைச் சற்றே நிறுத்தி வைக்கின்றன.

இரண்டாம் துணை வெள்வேலமரம். அதன் இலைகள் சிறியன, நிழல் மெல்லியது. ஆகவே மரத்தடியிலும் புல் வளரும். வெற்றுச் செம்மண்ணின் மேற்பரப்பு கோடை நண்பகலில் 50 பாகை செல்சியசைத் தாண்டவும் கூடும். அவ்வெப்பத்தில் மண்ணில் வாழும் சிற்றுயிர்கள் ஒடுங்கிவிடும். மரநிழல் அச்சூட்டைத் தணிக்கிறது. புல் காய்ந்துபோன காலத்தில் வெள்வேலங்காய்கள் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் உணவாகின்றன.

மூன்றாம் துணை மந்தை. மேய்ச்சலை நிலத்திற்கு நேரும் கேடாக மட்டும் கருதுதல் தவறு. மாடு மேல்தாடையின் முன்புறத்தில் வெட்டுப்பல் இல்லாதது. அது நாவால் புல்லைச் சுருட்டி இழுத்துப் பறிக்கும்; எனவே மிகத் தாழ்வாக மேயாது. செம்மறியோ நுனியுதடால் தரையை ஒட்டிக் கறிக்கும். இவ்வேறுபாட்டை அறிந்து எவ்விலங்கை எப்போது விடுவது என முறைசெய்தால், புல் மீண்டும் தளிர்க்க இடமுண்டு. மேய்ந்த விலங்கு, தான் உண்ட தழைச்சத்தின் பெரும்பகுதியைச் சாணமாகவும் சிறுநீராகவும் அந்நிலத்திற்கே திருப்பித் தருகிறது. வெளியிலிருந்து எருவிடாத நிலம் இத்தனை தலைமுறைகளாகப் புல் தருவதற்கு இச்சுழற்சி முதன்மையான காரணமாகும்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மழை வாய்க்கும்போது, நிலத்தை ஆழமின்றிக் கீறிச் சோளமோ கொள்ளோ விதைப்பதும் உண்டு. இறுகிய மேற்பரப்பு இதனால் இளகும். உதிர்ந்து கிடக்கும் புல்விதைகளும் முளைக்கும். மண்ணின் தோல் மட்டுமே கீறப்படும், உடல் புரட்டப்படாது.

இம்மண்ணில் இப்புல்லை மேய்ந்து உருவானதே புகழ்பெற்ற காங்கேயம் மாட்டினம். பிறக்கும்போது செந்நிறமாயிருக்கும் இதன் கன்று, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் கொள்ளும். குறைந்த தீவனத்தில், கடும் வெயிலில், கல்நிலத்தில் உழைக்க வல்ல இவ்வினத்தின் உறுதி அது வளர்ந்த நிலத்தோடு பிரிக்க இயலாதது. மண் புல்லானது, புல் மாடானது, மாடு உழவானது. நிலம் மாறினால் இச்சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

தரிசு என்னும் சொல்

உழப்படாத நிலத்தையெல்லாம் ‘தரிசு’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அச்சொல் நிலத்தின் இயல்பைக் கூறுவதன்று. நிலத்தைப் பார்ப்போரின் எதிர்பார்ப்பைக் கூறுவது. கொறங்காடு பட்டா நிலமாதலால் எளிதில் கைமாறும். வீட்டுமனையாகவும் தொழிற்கூடமாகவும் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிய தோட்டமாகவும் அது மாறி வருகிறது. வேலி பராமரிப்புக் குறைந்த நிலங்களில் சீமைக்கருவேலம் புகுந்து புல்லை மறைக்கிறது.

நிலத்தை விற்கும் உழவரைக் குறைகூறி இச்சிக்கலைத் தீர்த்துவிட இயலாது. மாட்டின் தேவை உழவில் குறைந்துவிட்டது, மேய்ப்பதற்கு ஆளில்லை, பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் பணம் வேண்டும். மனைவிலை தரும் தொகையைப் புல் தராது. ஆயினும் விலையாகக் கணக்கிடப்படாதவை சில உள்ளன. இந்நிலம் உட்கொண்ட மழைநீரே பக்கத்துக் கிணறுகளில் ஊறியது. இப்புல் பிடித்து வைத்த மண்ணே ஏரிகள் தூர்ந்துபோகாமல் காத்தது. வேர்கள் மண்ணுள் சேர்த்த கரிமம் காற்றில் கலவாமல் அடங்கியிருந்தது. இவற்றுக்கு உரிய பயனைப் பேணுவோரும் பெறும்படி செய்தல், உழவரின் பொறுப்பு மட்டுமன்று. அந்நீரைப் பருகும் அனைவரின் பொறுப்புமாகும்.

இழப்பின் அளவைக் காலக்கணக்கில் பார்த்தல் வேண்டும். கனரக எந்திரம் ஒன்று ஒரே பகலில் மேலடுக்கை வழித்து ஓரத்தில் குவித்துவிடும். அவ்வடுக்கு மீண்டும் உருவாவதற்குப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். வளமான ஆற்றுப்படுகை தன் பிழைகளைச் சில வெள்ளங்களில் திருத்திக்கொள்ளும். மெலிந்த மேட்டுநிலத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை. வறிய மண்ணுக்கே மிகுந்த காவல் தேவை என்பது இதனால் விளங்கும்.

பழந்தமிழர் நிலத்தை மென்புலம், வன்புலம் எனப் பகுத்தனர். மருதமும் நெய்தலும் மென்புலம். முல்லையும் குறிஞ்சியும் வன்புலம். வன்புலம் என்றதனால் அதனை வீண்புலம் எனக் கொள்ளவில்லை; ஆநிரை மேய்க்கும் முல்லைக்கு உரிய ஒழுக்கமும் தெய்வமும் பொழுதும் வகுத்துப் போற்றினர். தொல்காப்பியம் நால்வகை நிலங்களைக் கூறும்போது பாலைக்கெனத் தனிநிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து, துயர் தரும் நிலையை அடையும்போது பாலை தோன்றுவதாகச் சிலப்பதிகாரம் உரைக்கிறது. மண்ணியலார் இன்று ஆய்வுகளால் எட்டும் முடிவோடு அக்கூற்று ஒத்திருப்பது எண்ணத்தக்கது. கொறங்காடு பாலையன்று. புல்லும் வேலியும் மரமும் மந்தையும் உள்ளவரை அது முல்லை. அவை நீங்கினால் பாலையாதற்கு வானம் பொய்க்க வேண்டியதில்லை. நிலத்தின் மேலடுக்கு நீங்கினாலே போதும்.

சொல்லும் பொருளும்

செவ்வல் – செம்மண் நிலம். கரிசல் – கருநிறக் களிமண் நிலம். சரளை – சிறு கற்கள். சுக்கான்கல் – சுண்ணாம்புக் கட்டி. மட்கு – உயிர்ப்பொருள் சிதைந்து உண்டான கரும்பொருள். அடித்தூர் – புல்லின் அடிப்பகுதி. போத்து – நடுவதற்கு வெட்டிய கிளை. ஆநிரை – மாட்டுக்கூட்டம்.

கற்பவை கற்றபின்

1. கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி அசையாமல் வைக்கவும். முதலில் மணலும், பின்னர் வண்டலும், இறுதியில் களியும் படியும். மறுநாள் மூன்று அடுக்குகளையும் அளந்து, உங்கள் ஊர் மண்ணின் நயத்தைக் குறிப்பிடுக.

2. புல் மூடிய இடத்திலும் வெற்றிடத்திலும் ஒரே அளவு நீரை ஊற்றி, அது மண்ணுக்குள் இறங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் பகுதியில் மண்வகைகளையும் மேய்ச்சல் புற்களையும் குறிக்கும் வழக்குச் சொற்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா
1. கொறங்காட்டு மண் செந்நிறம் கொள்வதற்குக் காரணம் யாது?
2. சுக்கான்கல் எவ்வாறு உருவாகிறது?

சிறுவினா
1. மணற்பாங்கான மண்ணின் நன்மையையும் குறையையும் விளக்குக.
2. கிளுவை வேலி மண்ணைக் காக்கும் முறையை எழுதுக.

நெடுவினா
‘வறிய மண்ணுக்கே மிகுந்த காவல் தேவை’ – பாடப்பகுதியின் துணைகொண்டு நிறுவுக.